வேடிக்கை பார்க்கும் மூளை மாறுவதில்லை

1975இல் வெளியான ஓர் எலி ஆய்விலிருந்து தொடங்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்தது. பெரிய கூண்டு ஒன்று. அதற்குள் ஏணி, சக்கரம், குழாய், பலகை என்று ஏகப்பட்ட சாமான்கள். ஒரு டஜன் எலிகள் அதில் ஏறி, இறங்கி, முகர்ந்து, ஒன்றையொன்று துரத்தித் திரிந்தன. சாமான்களையும் அவ்வப்போது மாற்றி வைப்பார்கள். அதே பெரிய கூண்டுக்குள் சின்னச் சின்னக் கம்பிவலைப் பெட்டிகளும் இருந்தன. பெட்டிக்கு ஓர் எலி. வெளியே நடக்கும் அத்தனையும் அதற்குத் தெரியும். பார்க்கலாம், கேட்கலாம், மோப்பம் பிடிக்கலாம். இறங்கி விளையாடத்தான் முடியாது. சில வாரங்கள் கழித்து மூளைகளை எடுத்து எடைபோட்டார்கள். ஓடியாடிய எலிகளின் பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, கனத்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த எலிகளிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. எதுவுமே இல்லாத வெறுங்கூண்டில் தனியாகக் கிடந்த எலிகளோடுதான் அவை ஒத்துப்போயின.

வயதாகும்போது மூளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஆய்வைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வளமான சூழல் என்றதும் நாம் சுற்றியிருக்கும் பொருட்களை நினைத்துக்கொள்கிறோம்: நல்ல அறை, புத்தக அலமாரி, நாள் முழுக்க ஓடும் தொலைக்காட்சி. கம்பிவலைப் பெட்டிக்குள் இருந்த எலிக்கும் இதெல்லாம் ஒருவிதத்தில் கிடைத்திருந்தது. கிடைத்தும் பயனில்லை.

இந்த ஆராய்ச்சியின் வேர் இன்னும் பழையது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டொனால்ட் ஹெப், சில எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லப் பிராணிகளாக வளர்க்க விட்டார். வீட்டில் திரிந்த அந்த எலிகள், ஆய்வுக்கூடக் கூண்டில் வளர்ந்தவற்றைவிடப் புதிர்ப்பாதைகளில் நன்றாகத் தேறின என்று 1947இல் அறிவித்தார். நடத்தையில் வித்தியாசம் தெரிந்தது. மூளையில் என்ன ஆனது என்று அவர் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர்கள் பெர்க்லிக் குழுவினர். மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெச் என்று இரண்டு உளவியலாளர்கள், எட்வர்ட் பென்னட் என்ற வேதியியலாளர், அப்புறம் மரியன் டைமண்ட் என்ற உடற்கூறியலாளர். எலிகளை மூன்று விதமாக வளர்த்தார்கள்: சாமான்கள் நிறைந்த கூண்டில் கூட்டமாக, சாதாரணக் கூண்டில் மூன்று மூன்றாக, வெறுங்கூண்டில் தனியாக. எந்த மூளை எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று அளப்பவருக்குத் தெரியாதபடி எண் போட்டு மறைத்தார்கள். டைமண்டின் அளவுகளில் வளமான கூண்டில் வளர்ந்த எலிகளின் புறணி தடித்திருந்தது. சில விழுக்காடுதான், ஆனால் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தபோதும் அது மறையவில்லை. 1964இல் முடிவுகள் வெளியாயின. உடற்கூறியலாளர்கள் கூட்டம் ஒன்றில் இதை அவர் சொல்லி முடித்ததும் ஒருவர் எழுந்து, மூளை மாறவே மாறாது என்று சத்தம் போட்டதாக டைமண்ட் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். வளர்ந்த மூளை கெட்டிப்பட்டுப்போன ஒன்று என்பதுதான் அன்றைய பாடம்.

புறணி ஏன் தடித்தது என்பது அடுத்த கேள்வி. எழுபதுகளில் வில்லியம் கிரீனோவும் அவரது சகாக்களும் நரம்பணுக்களைச் சாயமேற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கிளை கிளையாக எண்ணினார்கள். வளமான கூண்டு எலிகளின் நரம்பணுக்களில் செய்தியை உள்வாங்கும் கிளைகள், அதாவது டென்ட்ரைட்டுகள், அதிகமாகக் கிளைத்திருந்தன. 1985இல் டர்னரும் கிரீனோவும், ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் இணைப்புகளையே எண்ணினார்கள். தனிக்கூண்டு எலியோடு ஒப்பிட்டால், வளமான கூண்டு எலியின் பார்வைப் புறணியில் ஒரு நரம்பணுவுக்கு 20 முதல் 25 விழுக்காடு வரை கூடுதல் இணைப்புகள். ஆக, தடிமன் என்பது வெளியே தெரிந்த அடையாளம். உள்ளே நடந்தது இணைப்புகளின் பெருக்கம்.

இதெல்லாம் இளம் எலிகளில். கிழட்டு எலியில் என்ன ஆகும்?

ஆய்வுக்கூட எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள். டைமண்டின் குழு 766 நாள் வயதான எலிகளைப் பெரிய கூண்டுக்கு மாற்றி 904ஆவது நாள் வரை வைத்திருந்தது. அந்த வயதிலும் புறணி தடித்தது. 1985இல் வெளியான இந்த ஆய்வைப் பற்றி டைமண்ட் ஒரு துணுக்குச் செய்தி சொல்வதுண்டு. எலிகள் 600 நாளை ஒட்டிச் செத்துக்கொண்டே வந்ததால், கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒவ்வோர் எலியையும் கையில் எடுத்து, கோட்டோடு அணைத்துத் தடவிக்கொடுக்கத் தொடங்கினார்களாம். அதற்குப் பிறகுதான் அவை அத்தனை நாள் தாக்குப்பிடித்தன என்று அவர் நம்பினார். ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன முடிவு அல்ல இது. இருந்தாலும் சூழல் என்ற கணக்கில் இன்னோர் உயிரின் தொடுகையும் வருகிறது என்று ஓர் உடற்கூறியலாளர் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்த விஷயம்.

முதுமையில் எது தேய்கிறது?

வயதானால் தினமும் ஆயிரக்கணக்கில் மூளை அணுக்கள் சாகின்றன என்பது இன்னமும் புழங்கும் பேச்சு. பழைய எண்ணும் முறைகளில் இருந்த கோளாறு அது. டென்மார்க்கின் பென்டே பாக்கென்பெர்க், ஹான்ஸ் குண்டெர்சன் இருவரும் மேம்பட்ட முறையில் மனித மூளைகளை எண்ணி 1997இல் சொன்னது: 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே புறணியின் நரம்பணு எண்ணிக்கையில் வித்தியாசம் ஏறக்குறைய 10 விழுக்காடுதான். நோயில்லாத முதுமையில் நரம்பணுக்கள் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையேயான தொடர்புகள்தான் குறைகின்றன.

அதிலும் எந்தத் தொடர்புகள் என்பது முக்கியம். டென்ட்ரைட்டின் மேல் முள் முள்ளாகச் சின்ன முளைகள் இருக்கும். ஒவ்வொரு முளையும் பெரும்பாலும் ஓர் இணைப்பின் ஒரு முனை. சில முளைகள் காளான்போலத் தலை பெருத்து, நிலையாக இருக்கும். சில மெல்லியவை, தோன்றும், மறையும், பயன்பட்டால் தடிக்கும். புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் வேலை இந்த மெல்லியவற்றுக்கு என்று கருதப்படுகிறது. நியூயார்க்கில் ஜான் மாரிசன் குழுவினர் வயதான ரீசஸ் குரங்குகளின் முன்மூளைப் புறணியைப் பார்த்தபோது, முளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அப்படிக் குறைந்தவற்றில் மெல்லியவையே மிகுதி. புதிய பணியொன்றைக் கற்க அதிக நேரம் எடுத்துக்கொண்ட குரங்குகளிடம் இந்த இழப்பும் அதிகமாக இருந்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய சம்பவத்தைத் துல்லியமாகச் சொல்லும் ஒருவர் காலையில் அறிமுகமானவரின் பெயரை மறந்துவிடுவது ஏன் என்பதற்கு இது முழு விளக்கம் அல்ல; ஆனால் விளக்கம் தொடங்கும் இடம் இதுதான் என்று சொல்லலாம்.

இன்னொரு தேய்மானம் ஹிப்போகாம்பஸில். புதிய நினைவுகள் உருவாவதற்கும் இடம் அறிவதற்கும் தேவையான பகுதி. புறணியிலிருந்து செய்தி வந்து சேரும் வாசலில் இணைப்புகள் வயதோடு குறைகின்றன. எஞ்சியவையும் வலுப்பெற்ற பிறகு அந்த வலுவை நெடுநாள் தக்கவைப்பதில்லை. கரோல் பார்ன்ஸ் 1979இல் கிழட்டு எலிகளில் இதை அளந்தார். வலு சீக்கிரம் வடிந்துவிடும் எலிகள், வட்ட மேசையில் தப்பிக்கும் பொந்து எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும் தடுமாறின.

மூளை முழுவதையும் எடுத்துப் பார்த்தால் வலையமைப்பும் மாறுகிறது. இளவயதில் தனித்தனியாக, அவரவர் வேலையைப் பார்க்கும் மூளை வலைப்பின்னல்கள் வயதாக ஆகக் கொஞ்சம் கலந்துபோகின்றன. இளையவர் மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்திச் செய்யும் வேலைக்கு முதியவர் இரு பக்கத்தையும் கூப்பிடுகிறார். இதைச் சீரழிவு என்று சிலரும், ஈடுகட்டும் ஏற்பாடு என்று சிலரும் படிக்கிறார்கள். இரண்டும் கலந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, வளமான சூழல் இந்தத் தேய்மானத்தில் எங்கே கைவைக்கிறது?

ஒரே இடத்தில் அல்ல. ஓடும் விலங்கின் மூளையில் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் கூடுகிறது. இணைப்புகளைப் பேணுவதிலும் வலுப்படுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ரத்த நாளங்கள் பெருகுகின்றன. ஜீன்கள் வாசிக்கப்படும் விதமும் மாறுகிறது. 2007இல் லி ஹுவே ட்சாய் குழுவினர் செய்தது இந்த வகையில் திகைக்க வைக்கும் ஆய்வு. சுண்டெலிகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்து, அந்த நினைவு நன்றாக ஊறிய பிறகு, நரம்பணுக்களை அழிக்கும் ஒரு ஜீனைத் தூண்டிவிட்டார்கள். மூளை சுருங்கியது, நினைவும் போயிற்று. பிறகு அந்தச் சுண்டெலிகளில் சிலவற்றை வளமான கூண்டில் விட்டார்கள். செத்த அணுக்கள் திரும்பவில்லை. நினைவு திரும்பியது. டிஎன்ஏவைச் சுற்றிவைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் வேதிமாற்றம் ஏற்பட்டு, அடைபட்டிருந்த ஜீன்கள் மறுபடி திறந்தது இதற்குக் காரணமாகத் தெரிந்தது. அதே மாற்றத்தை மருந்தால் உண்டாக்கியபோதும் நினைவு மீண்டது. அந்த நினைவு அழிந்திருக்கவில்லை, எட்டாமல் போயிருந்தது என்று இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

புதிய நரம்பணுக்கள் பற்றிய கதை கொஞ்சம் சிக்கலானது. வளமான கூண்டில் வாழ்ந்த சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் அதிகம் தங்கின என்று ஜெர்டு கெம்பர்மன், ஜார்ஜ் கூன், ஃப்ரெட் கேஜ் மூவரும் 1997இல் காட்டினார்கள். 2002இல் வந்த ஆய்வு அதைவிட வலுவானது: 10 மாத வயதிலிருந்து 20 மாதம் வரை அப்படி வாழ்ந்த சுண்டெலிகளில் புது நரம்பணு உற்பத்தி ஐந்து மடங்கு. 20 மாதம் என்பது சுண்டெலிக்கு நல்ல கிழப்பருவம். ஆனால் மனிதரில் முதிர்ந்த வயதில் இப்படிப் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா என்பதில் சண்டை ஓயவில்லை. 2018இல் ஒரே வசந்த காலத்தில் இரண்டு குழுக்கள் நேரெதிர் முடிவுகளை வெளியிட்டன. எனவே, மூளையில் புது அணுக்கள் முளைக்கும் என்று உறுதிகொடுக்கும் விளம்பரத்தைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. இணைப்புகள் மாறுகின்றன என்பதற்கு இருக்கும் ஆதாரமே போதுமான அளவு திடமானது.

எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் முயன்றார்கள். கூண்டில் சக்கரம் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, துணை இருக்கிறது. எதற்கு நன்றி சொல்வது? புது நரம்பணு உற்பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் விடை ஓட்டம்தான். சக்கரத்தை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்தால் அந்தப் பெருக்கம் பெரும்பாலும் காணாமல்போகிறது என்று 2011, 2012 ஆய்வுகள் காட்டின. இணைப்புகளுக்கு வந்தால் கதை வேறு. கிரீனோவின் ஆய்வுக்கூடத்தில் 1990இல் செய்த சோதனை அழகாக வடிவமைக்கப்பட்டது. வளர்ந்த எலிகளில் ஒரு குழுவுக்குக் கழைக்கூத்து மாதிரிப் பயிற்சி: கயிறு, தடை, சமநிலைப் பலகை. அவை நடந்த தூரம் குறைவு, கற்றது அதிகம். இன்னொரு குழு நடைப்பொறியில் ஓடியது, மூன்றாவது குழு சக்கரத்தில் இஷ்டம்போல் ஓடியது. கற்பதற்கு அவற்றுக்கு ஒன்றும் இல்லை. நான்காவது சும்மா இருந்தது. ஒரு மாதம் கழித்துச் சிறுமூளையைப் பார்த்தால், ஓடிய எலிகளுக்கு ரத்த நாளங்கள் அடர்த்தியாகியிருந்தன, இணைப்புகள் கூடவில்லை. கழைக்கூத்தாடிகளுக்கு இணைப்புகள் கூடியிருந்தன. உழைப்பு குழாய் பதித்தது, கற்றல் கம்பி இழுத்தது. நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்பவர்களும் குறுக்கெழுத்தே போதும் என்பவர்களும் பாதிப் பாதி சரி என்று இதைப் பார்த்தால் தெரியும்.

இதோடு 2013இல் வந்த இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜெர்மனியில் கெம்பர்மன் உள்ளிட்ட குழு, மரபணு அளவில் ஒன்றுபோலான 40 சுண்டெலிகளைப் பல தளங்கள் கொண்ட ஒரே பெரிய கூண்டில் விட்டது. ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு சிறு ரேடியோ சில்லு. எங்கே போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மூன்று மாதம் பதிவாகிக்கொண்டே இருந்தது. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே தீனி. இருந்தும் நாள் ஆக ஆக அவை வேறு வேறு ஆளாக மாறின. சில கூண்டை மூலை முடுக்கெல்லாம் சுற்றின. சில தமக்குப் பழகிய மூலையிலேயே ஒடுங்கின. பரவலாகச் சுற்றியவற்றிடம் புது நரம்பணுக்கள் அதிகம். ஒரே வளமான சூழல் எல்லாருக்கும் ஒரே அளவு வளத்தைக் கொடுப்பதில்லை என்று சொல்லத்தோன்றுகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் நடவடிக்கைப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்ப்பதைவிட, யார் அறையை விட்டு வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பது அதிகம் சொல்லும்.

கூண்டு ஆய்வுகளைப் படிக்கும்போது மறந்துவிடக்கூடாத சங்கடம் ஒன்று இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் சாதாரணக் கூண்டு, எலிக்குச் சாதாரணமே அல்ல. வளை தோண்டி, இரை தேடி, எதிரிக்கு ஒளிந்து வாழும் பிராணிக்குப் பிளாஸ்டிக் பெட்டி சிறை. பெர்க்லிக் குழுவே எலிகளைத் திறந்த வெளியில், தோண்டுவதற்கு மண் இருக்கும் இடத்தில் விட்டுப் பார்த்தது. அவற்றின் மூளை, வளமான கூண்டு எலிகளின் மூளையையும் விஞ்சியது. அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நாம் அளந்தது வளத்தின் பலனையா, வறுமையின் சேதத்தையா? இரண்டாவதுதான் பெரிதும் என்று நான் சாய்கிறேன். வயதானவர்கள் விஷயத்தில் இந்த வாசிப்பு கூடுதலாகப் பொருந்தும். வேலை ஓய்வு, காது மந்தம், முழங்கால் வலி, துணையின் மரணம், வாகனம் ஓட்டுவதை நிறுத்துவது என்று ஒவ்வொன்றும் சூழலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. அன்பின் மிகுதியால் குடும்பமும் சுருக்குகிறது: "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்குறோம்." பெரிய கூண்டிலிருந்து சிறிய பெட்டிக்கு மாறுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

மனிதர்களுக்கு வருவோம்

மனிதரைக் கூண்டில் வைத்து மூளையை எடைபோட முடியாது. ஆனால் இறந்த பிறகு மூளையைத் தானமாகக் கொடுப்பவர்கள் உண்டு. 1988இல் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் முதியோர் இல்லவாசிகள் 137 பேரின் மூளைகளைப் பரிசோதித்ததில், பத்துப் பேர் விநோதமாக இருந்தார்கள். அல்சைமர் நோயின் படிவுகள் மூளையில் ஏராளம். உயிரோடிருந்தபோது அறிவாற்றலோ நன்றாக இருந்தது. அவர்களின் மூளை எடை கூடுதலாகவும் பெரிய நரம்பணுக்கள் அதிகமாகவும் இருந்தன. டேவிட் ஸ்னோடன் நடத்திய கன்னியாஸ்திரிகள் ஆய்வில் 678 பேர் சேர்ந்தார்கள். ஒரே உணவு, ஒரே இருப்பிடம், புகை கிடையாது, மது பெரிதாகக் கிடையாது. ஆகவே ஒப்பிடத் தோதான கூட்டம். சிஸ்டர் மேரி என்று அதில் குறிப்பிடப்படுபவர் 101 வயதில் இறக்கும்வரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்தார். அவர் மூளையில் நோயின் தடயங்கள் நிறைய. அதே ஆய்வில், இருபது வயதை ஒட்டி அவர்கள் எழுதிய சுயவரலாற்றுக் குறிப்புகளில் கருத்துச் செறிவு குறைந்திருந்தவர்களுக்கு முதுமையில் அல்சைமர் வர வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்தது.

இதைத்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாகோவ் ஸ்டெர்ன் அறிவாற்றல் சேமிப்பு என்ற கருத்தாக வளர்த்தார். படிப்பு, மூளைக்கு வேலை கொடுக்கும் தொழில், பலவிதமான பொழுதுபோக்கு எல்லாம் சேர்ந்து, சேதம் வந்தாலும் வேலையை வேறு வழியில் முடித்துக்கொள்ளும் திறனைக் கொடுக்கின்றன என்பது இதன் சாரம். டிமென்ஷியாவில், அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குலையும் நிலையில், அறிவாற்றல் இழப்போடு மிக நெருக்கமாக ஒத்துப்போவது படிவுகளின் அளவைவிட இணைப்புகளின் இழப்புதான் என்று ராபர்ட் டெர்ரி 1991இல் காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். இணைப்பு அதிகம் இருப்பவருக்கு இழக்கவும் அதிகம் இருக்கிறது. சுண்டெலியிலும் இதற்கு எதிரொலி உண்டு. அல்சைமர் மாதிரியாக உருவாக்கப்பட்ட சுண்டெலிகளை வளமான கூண்டில் வைத்தபோது ஓர் ஆய்வில் அந்த நோயின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு குறைந்தது. இன்னோர் ஆய்வில் கூடியது. கூடிய அந்த ஆய்விலும் நினைவாற்றல் மேம்பட்டது.

ஆனால் சேமிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போகவும் கூடாது. லார்ஸ் நைபெர்க் உள்ளிட்டோர் 2021இல் ஐரோப்பியர்களின் மூளை ஸ்கேன் படங்களைப் பல ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டார்கள். அதிகம் படித்தவரின் மூளையும் குறைவாகப் படித்தவரின் மூளையும் ஒரே வேகத்தில்தான் சுருங்கின. படித்தவர் உயரத்தில் தொடங்குகிறார். சரிவு அவருக்கும் அதே சரிவுதான். டிமென்ஷியா என்று மருத்துவர் பெயர் வைக்கும் எல்லைக்கோட்டை எட்ட அவருக்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. இது சின்ன லாபம் அல்ல. ஐந்தாறு ஆண்டு தள்ளிப்போனால் பலருக்கு அந்த நோய் வாழ்நாளுக்குள் வராமலே போய்விடும்.

அப்புறம் காரண காரியக் குழப்பம். 2003இல் ஜோ வெர்கீஸ் குழுவினர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பின்தொடர்ந்து, வாசிப்பது, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு டிமென்ஷியா குறைவு என்று வெளியிட்டார்கள். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் டிமென்ஷியா கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆர்வம் வடியத் தொடங்கிவிடுகிறது. சீட்டாட்டத்தை விட்டதால் நோய் வந்ததா, நோய் வரத் தொடங்கியதால் சீட்டாட்டத்தை விட்டாரா? கவனித்துப் பின்தொடரும் ஆய்வுகளால் இதை முழுசாகப் பிரிக்க முடியாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தால்தான் முடியும்.

அப்படிச் சோதித்தவற்றில் சில. 2011இல் கிர்க் எரிக்சன் குழு: 120 முதியவர்கள், பாதிப் பேருக்கு ஓராண்டு வேக நடை, மீதிப் பேருக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. நடந்தவர்களின் முன்பக்க ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியது. 2017இல் அக்னியெஷ்கா புர்ஸின்ஸ்கா குழு, முதியவர்களுக்கு ஆறு மாதம் நடை, நடனம் என்று வேறு வேறு பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸோடு தொடர்புடைய ஃபோர்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கற்றை நடனக் குழுவில் மட்டும் மேம்பட்டது. நடனத்தில் உழைப்பு, அசைவுகளைக் கற்பது, கூட இருப்பவரைக் கவனிப்பது மூன்றும் ஒன்றாக வருகின்றன. ஆனாலும் அந்த முதியவர்களின் நினைவாற்றல் மதிப்பெண்ணில் நடனத்தால் தனிப்பட்ட பலன் எதுவும் தெரியவில்லை. படத்தில் தெரியும் மாற்றம் வாழ்க்கையில் தெரியும் மாற்றமாக எப்போதும் ஆவதில்லை.

மூளைப் பயிற்சிச் செயலிகள் பற்றிக் கேட்பவர்களுக்கு ஆக்டிவ் என்ற அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். 2,832 முதியவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, மூன்று குழுக்களுக்கு நினைவு, தர்க்கம், வேகம் மூன்றில் ஏதாவது ஒன்றில் பத்து அமர்வுப் பயிற்சி, நான்காவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. எதில் பயின்றார்களோ அதில் முன்னேறினார்கள். பயிலாதவற்றுக்கு அது பரவவில்லை. தர்க்கத்திலும் வேகத்திலும் அடைந்த லாபம் பத்தாண்டு கழித்தும் ஓரளவு மிஞ்சியிருந்தது, நினைவுப் பயிற்சியின் லாபம் மிஞ்சவில்லை. ஒரே வகைப் புதிரை நூறு தடவை போட்டால் அந்தப் புதிரில் கைதேர்ந்தவர் ஆகலாம், அவ்வளவுதான்.

டெனிஸ் பார்க் 2014இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, ஒரு குழுவுக்குத் துணிகளை ஒட்டித் தைக்கும் கலை, ஒரு குழுவுக்கு இரண்டும். வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். ஒப்பீட்டுக் குழுவும் சும்மா உட்காரவில்லை. கூடிப் பேசினார்கள், சுற்றுலா போனார்கள், விளையாடினார்கள். புதிதாக எதையும் கற்கவில்லை, அவ்வளவே. நினைவாற்றல் மேம்பட்டது கற்ற குழுக்களுக்கு. புகைப்படக் குழு குறிப்பாக முன்னேறியது. கேமராவின் அமைப்பு, கணினியில் படத்தைத் திருத்தும் மென்பொருள் என்று அவர்களுக்கு எல்லாமே அந்நியம். சிரமப்பட்டார்கள். அந்தச் சிரமமே மருந்தாக இருந்திருக்கிறது.

அளவு என்பதையும் கவனியுங்கள். சுண்டெலி வளமான கூண்டில் நாள் முழுக்க, மாதக்கணக்கில் வாழ்கிறது. அதன் ஆயுளில் அது பெரும் பகுதி. மனிதச் சோதனைகளில் கொடுப்பதோ வாரத்துக்குச் சில மணி நேரம். மனிதரில் விளைவுகள் மெலிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பலவற்றைச் சேர்த்துக் கொடுத்த சோதனைகள் கொஞ்சம் நன்றாகவே தேறுகின்றன. பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 60 முதல் 77 வயது வரை 1,260 பேர். உணவு, உடற்பயிற்சி, அறிவாற்றல் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கண்காணிப்பது எல்லாம் இரண்டு ஆண்டு. மியா கிவிபெல்டோ குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவில், ஒட்டுமொத்த அறிவாற்றல் மதிப்பெண்ணின் முன்னேற்றம் ஒப்பீட்டுக் குழுவைவிட 25 விழுக்காடு அதிகம். ஒப்பீட்டுக் குழுவும் முன்னேறியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சூழலைத் திறப்பது என்றால் எப்போதும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்று அர்த்தம் இல்லை. அடைபட்ட கதவைத் திறப்பதும் அதில் அடங்கும், காது அதில் முதலாவது. பேச்சு சரியாகக் கேட்காதவர் கூட்டத்தில் இருந்தாலும் கம்பிவலைக்குள்தான் இருக்கிறார். அவரால் பார்க்க முடிகிறது, கலந்துகொள்ள முடிவதில்லை. அச்சீவ் என்ற அமெரிக்க ஆய்வு காது மந்தமான 977 முதியவர்களில் பாதிப் பேருக்குக் காதுக்கருவியும் ஆலோசனையும் கொடுத்து, மூன்று ஆண்டு மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 2023இல் முடிவு சொன்னது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகமிருந்தவர்களிடம் அறிவாற்றல் சரியும் வேகம் 48 விழுக்காடு குறைந்தது. லான்செட் என்ற மருத்துவ இதழ் டிமென்ஷியா பற்றி அமைத்த ஆணையமும் மாற்றக்கூடிய காரணிகள் என்று 2024இல் அடுக்கிய 14இல் காது மந்தம், பார்வைக் குறை, தனிமைப்படுதல், உடலசைவின்மை, இளவயதில் குறைந்த கல்வி எல்லாவற்றையும் வைத்திருக்கிறது.

கதவுகளில் இன்னொன்று, முடிவெடுக்கும் உரிமை. 1976இல் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது இன்றும் பேசப்படுகிறது. ஒரு தளத்தில் இருப்பவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, செடி வேண்டுமா என்று கேட்டு, வேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்து, நீரூற்றுவதையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தில் எல்லாவற்றையும் ஊழியர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்று சொல்லிச் செடியைக் கையில் கொடுத்தார்கள், நீரூற்றுவதும் ஊழியர்தான். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் விழிப்போடும் இருந்தார்கள். பிற்பாடு வெளியான இறப்பு விகித ஒப்பீட்டைச் சிலர் பெரிதுபடுத்துவார்கள். அந்தக் கணக்கில் திருத்தம் வந்தது, ஆட்களும் கொஞ்சம்தான், அதை நான் நம்பிப் பேச மாட்டேன். மூளையை யாரும் அப்போது படம்பிடிக்கவும் இல்லை. ஆனால் இரண்டு தளத்திலும் செடி இருந்தது, அறை இருந்தது, சாப்பாடு ஒன்று, ஊழியர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. யார் கையில் வேலை இருந்தது என்பது மட்டும்தான் மாறியது. முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கும் வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கும் செலவில்லாமல் மாற்ற முடிந்ததும் அதுதான்.